களை எடுக்கப் படிப்பது

கேமரன் மலைத் தோட்டத்து மக்கள் குற்றத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. போலீஸைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம். 'ரிங்லெட்ல ரோட் பிளாக் போட்டிருக்கான்', 'ஐ.சி. எடுத்துக்கிட்டியா', 'அவன லோக்காப்ல வெச்சிருக்காங்களாம்' - நான் வளர்ந்த லயத்தில் சட்டம் என்பது ஏறக்குறைய இந்த மூன்று பேச்சுக்குள் அடங்கிவிடும். நீதி என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், நன்னெறிக் கல்விப் பாடத்தில். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொல் அது. லயத்தில் யாரும் அதைப் புழங்கிக் கேட்டதில்லை.

இப்போது அதே லயத்துப் பிள்ளைகளில் சிலர் குற்றவியல் நீதியைக் கல்லூரியில் படிக்க ஆசைப்படுகிறார்கள். என் சித்தி மகன் அவர்களில் ஒருவன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால் என்னிடம் கேட்டான். "எஸ்.பி.எம். மட்டும்னா கான்ஸ்டபிள்தான் அண்ணே. டிப்ளோமா இருந்தா இன்ஸ்பெக்டருக்கு மனு போடலாம். படிக்கலாமா?"

நான் பொறியாளன். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அவன் கேட்டதற்கு 'படி' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது கல்லூரியைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது. நீதியை ஓர் உத்தியோகத்துக்காகப் படிக்கலாமா? படித்தால் நீதி வருமா? எந்தக் கதவைப் பார்த்து நம் ஆட்கள் பயந்தார்களோ அந்தக் கதவுக்கு உள்ளே போய் நாமே நிற்பது சரியா?

அவன் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று: "கவர்மென்ட் வேலை லா அண்ணே. மாசச் சம்பளம், பென்சன், குவாட்டர்ஸ்." இன்னொன்று: "நம்மாளுங்க உள்ள இருந்தாத்தான் நம்மாளுங்களுக்கு அடி விழாது."

முதல் காரணத்தைக் கேட்டால் இலக்கியம் வாசிக்கிற நமக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கும். நீதியைப் பற்றிப் பேசும்போது பென்சனா என்று தோன்றும். ஆனால் தோட்டத்து வீட்டில் பிறக்காதவர்கள்தான் அப்படி எளிதாகச் சுளிக்க முடியும். இந்த மலையில் போ தோட்டம் 1929இல் தொடங்கியது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தும் பல குடும்பங்களுக்குச் சொந்த வீடு இல்லை. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால், வயதானால், சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025 பிப்ரவரியில்தான். இந்தப் பின்னணியிலிருந்து வரும் பையன் ஒருவன் குவாட்டர்ஸைப் பற்றியும் பென்சனைப் பற்றியும் கனவு காண்பதில் அசிங்கம் எதுவும் இல்லை. தன் பாட்டிக்குக் கிடைக்காததை அவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

அதோடு, சீருடை இந்த மலையில் ஏணியாக இருந்ததற்கு உதாரணமும் உண்டு. 2019 ஜனவரி 26 அன்று நடந்த கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்ற ராம்லி முகமட் நூர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. நாட்டின் முதல் பூர்வகுடி நாடாளுமன்ற உறுப்பினர். தோட்டத்துக்கு முன்பே இந்தக் காட்டில் இருந்தவர்களின் குரல் நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தது போலீஸ் வேலை பார்த்த ஒருவர் வழியாகத்தான். ஒடுக்கப்பட்டவனுக்குச் சீருடை எதையும் தராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆகவே சம்பளத்துக்காகச் செய்வதில் தவறு இல்லை. டாக்டர் சம்பளத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார், ஆசிரியர் சம்பளத்துக்குத்தான் பாடம் நடத்துகிறார். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. டாக்டரின் கருவி குணப்படுத்துவதற்கானது. குற்றவியல் நீதியின் கருவிகள் அப்படியல்ல. விலங்கு, லோக்காப், பிரம்படி, சிறை, கடைசியில் தூக்குக் கயிறு. 2023 ஜூலையிலிருந்து நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை இல்லை. ஆனால் மரண தண்டனை இருக்கிறது, விதிப்பதா வேண்டாமா என்பது இப்போது நீதிபதியின் கையில். இந்தத் துறைக்குப் படிக்கிறவன் எப்போது, யாரை, எவ்வளவு துன்பப்படுத்தலாம் என்று சட்டம் கொடுத்திருக்கும் அனுமதியைப் படிக்கிறான். இதை இவ்வளவு பச்சையாக எந்தக் கல்லூரி விளம்பரத்திலும் எழுத மாட்டார்கள்.

வள்ளுவர் இதை மறைக்கவில்லை. கொலை செய்கிற கொடியவர்களை அரசன் தண்டிப்பது பயிருக்கு நடுவே களை எடுப்பதைப் போன்றது என்கிறார். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்த உவமை உடனே புரியும். களை எடுக்காத காடு இரண்டு மழையில் புதர் மண்டிப் போகும். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். களை என்று ஒரு செடி இயற்கையில் கிடையாது. யாருக்கோ வேண்டாத இடத்தில் முளைத்த செடிக்கு நாம் வைத்த பெயர் அது. இந்த மலையில் காடுதான் சொந்தக்காரன், தேயிலைதான் வந்தேறி. வெள்ளைக்காரன் கணக்கில் காடு களையானது, தேயிலை பயிரானது. வள்ளுவர் கொலைகாரர்களுக்குத்தான் அந்த உவமையைச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் ஐ.சி. இல்லாதவன், பெர்மிட் முடிந்தவன், இரவில் தெருமுனையில் நிற்கும் கறுத்த பையன் வரைக்கும் அதை நீட்டிவிட்டார்கள். அதே செங்கோன்மை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவது தண்டனையில் அல்ல, விசாரணையில். ஆராய வேண்டும், முகம் பார்க்கக் கூடாது, பிறகுதான் மற்றது. களை எடுக்கிறவன் முதலில் படிக்க வேண்டியது எது பயிர், எது களை என்று குனிந்து பார்ப்பதை.

இனி இரண்டாவது காரணம். 'நம்மாளுங்க உள்ள இருந்தா...'

2009 ஜனவரி 14. அ. குகன் என்ற 22 வயது இளைஞர் சொகுசுக் கார் திருட்டுச் சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்துபோனார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பத்தார் பிணவறைக்குள் போய் உடம்பின் காயங்களைப் படம் எடுத்தார்கள், இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று நின்றார்கள். அது நடந்தது, அடிபட்ட கதை வெளியே வந்தது. 2013இல் உயர்நீதிமன்ற நீதிபதி வி.டி. சிங்கம் அந்தக் குடும்பத்துக்கு 8 லட்சம் வெள்ளிக்கும் மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

பலர் சொல்லாமல் கடந்துபோவது இதை: அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒருவர். வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயம் விளைவித்ததாக அவர்மீது வழக்கு. முதலில் விடுவிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 3 ஆண்டு சிறை. அவர் ஓர் இந்தியக் கான்ஸ்டபிள்.

இதை வைத்து 'பார்த்தியா, நம்மாளே நம்மாள அடிக்கிறான்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். காப்பிக் கடையில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இதிலிருந்து எடுக்க வேண்டியவை வேறு இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ரத்தம் யாரையும் காப்பாற்றாது. லோக்காப்புக்கு உள்ளே ஒரே மொழி பேசுகிறவன் இருப்பது அடியைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேலே இருப்பவனுக்குத் தன் விசுவாசத்தைக் காட்ட வேண்டிய நெருக்கடி சிறுபான்மைக்காரனுக்கு ஒரு பங்கு கூடுதலாகவே இருக்கலாம். இரண்டு, போலீஸ் காவலில் ஒருவர் ஆறு நாள் இருந்து இறந்திருக்கிறார், சட்டத்தின் முன் நின்றது கீழ்ப்படியில் இருந்த ஒருவர் மட்டும். கூரையே இடிந்து விழுந்தபோது ஒரு ஆணியைக் காட்டி இதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தால் என் மேலாளர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த ஆணி துருப்பிடித்திருக்கலாம். ஆனால் கூரை விழுந்ததற்கு அது முழுப் பதில் ஆகாது.

பெரிய பதிலைத் தேடாமல் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைமையில் 2004இல் அமைந்த அரச விசாரணை ஆணையம், அடுத்த ஆண்டே 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸை வெளியிலிருந்து விசாரிக்க அதிகாரமுள்ள சுதந்திர ஆணையம் ஒன்று வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. குகன் இறந்தபோது அந்த அறிக்கைக்கு ஏறக்குறைய 4 வயது. கடைசியில் 2023 ஜூலையில் ஓர் ஆணையம் செயல்படத் தொடங்கியது. கேட்ட பல் இல்லாமல் வந்தது. அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது.

அப்படியானால் படிப்பு? படித்த போலீஸ் வந்தால் மாறாதா?

இந்த நம்பிக்கைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தின் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1916இலேயே பல்கலைக்கழகத்தில் காவலர்களுக்குப் பாடம் ஆரம்பித்தார். நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி 1964இல் உருவானது. 1967இல் அமெரிக்க அதிபரின் ஆணையம், காவலர்கள் பட்டதாரிகளாக இருப்பதே இலக்கு என்று சொன்னது. அடுத்த ஆண்டே வந்த சட்டத்தின் வழியாக அந்தப் படிப்புக்குக் கூட்டரசு பணம் கொட்டியது. குற்றவியல் நீதி என்பது பல கல்லூரிகளில் ஒரு துறையாக வளர்ந்ததற்கு அந்தப் பணம் முக்கியக் காரணம். அதே காலத்தில் இன்னொரு எண்ணும் வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாநில, கூட்டரசுச் சிறைகளில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2009இல் 16 லட்சம் பேர்.

படிப்புதான் சிறைகளை நிரப்பியது என்று நான் சொல்ல வரவில்லை. போதைப்பொருள் சட்டங்கள், அரசியல், இனம் என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. நான் சொல்வது சின்னது: படிப்பு அதைத் தடுக்கவில்லை. இதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. என்னுடைய நான்கு வருடப் படிப்பில் ஓர் அணையின் சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த அணையால் யாருடைய வீடு போகும் என்ற கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை. படிப்பு கையை வேகமாக்கும். கை எந்தப் பக்கம் போகும் என்பதை வேறு எதுவோ முடிவு செய்கிறது.

நம் நாட்டிலும் இன்று வழிகள் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் குற்றவியல் நீதிக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் தடய அறிவியல் படிக்கலாம். என் தம்பி இதில் எதையாவது எட்டிப் பிடித்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் 'படித்தவன் அடிக்க மாட்டான்' என்று அவனுக்குச் சொல்ல மாட்டேன்.

பிறகு எதற்குப் படிப்பது? என் தொழிலிலிருந்து ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

பெரிய விபத்துகள் ஒரே ஒரு பெரிய தவறால் நடப்பது அபூர்வம். நாலைந்து சின்னக் கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்து கிடக்க வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் 'இரு, இது சரியில்ல' என்று சொல்லியிருந்தால் நின்றிருக்கும். தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவர்மீதும் சொல்லப்பட்ட புகார். இரவு முழுக்க நிலையத்தில் அடி. மறுநாள் மருத்துவமனையில் சான்றிதழ் கிடைத்தது. நீதித்துறை நடுவரிடம் காவலில் வைக்க உத்தரவு கிடைத்தது. கோவில்பட்டிக் கிளைச்சிறை உள்ளே எடுத்துக்கொண்டது. அடுத்த சில நாளில், ஜூன் 22இலும் 23இலும், இருவரும் இறந்துவிட்டார்கள். அடித்தவர்களை விட்டுவிடுவோம். அந்தப் பாதையில் எத்தனை கையெழுத்து! ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு பிரேக். யாரும் மிதிக்கவில்லை.

நம் சட்டத்திலும் அப்படிப் பிரேக்குகள் இருக்கின்றன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது விதி. ஏன் கைது செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. ரிமாண்டை நீட்டிக்கக் காரணம் காட்ட வேண்டும், அதற்கு நாள் கணக்கும் உண்டு. இவற்றைப் படிக்கும்போது கொட்டாவி வரும். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடத் தோன்றும். ஆனால் நீதி பெரும்பாலும் இந்தக் கொட்டாவி வரும் இடத்தில்தான் குடியிருக்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கெட்டவனாகக் காட்டப்படவில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொன்னான், எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை. நடைமுறையில் ஒரு படி தாண்டினான், அவ்வளவுதான். கண்ணகி அவைக்கு வந்தது அழ மட்டுமல்ல. சிலம்பை உடைத்து உள்ளே இருந்த பரலைக் காட்ட வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். பிணவறைக்குள் படம் எடுக்கப் போன குகனின் குடும்பம் செய்ததும் அதுதான். விசாரிக்க வேண்டியவன் விசாரிக்காதபோது செத்தவன் வீட்டார் சாட்சியத்தைச் சுமந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. குற்றவியல் நீதியைப் படிக்கிறவன் அந்தச் சுமையை அவர்கள் தலையிலிருந்து இறக்கப் படிக்கிறான் என்று எடுத்துக்கொண்டால், அது உண்மையிலேயே பெரிய படிப்பு.

ஆனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு, மிதிப்பது வேறு. சாத்தான்குளத்தில் மிதித்தவர் தலைமைக் காவலர் ரேவதி. அதே நிலையத்தில் வேலை பார்த்தவர். விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் படிந்திருந்தது என்று சொன்னார். தன்னோடு வேலை செய்தவர்களுக்கு எதிராக, நாளைக்கும் அதே ஊரில் இருக்க வேண்டியவர் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது என்பதே அவர் எதைப் பணயம் வைத்தார் என்பதற்குச் சாட்சி. அந்தத் தைரியத்தை எந்தக் கல்லூரி, எத்தனை செமஸ்டரில் சொல்லித்தரும்?

இந்த இடத்தில்தான் என் தம்பியின் இரண்டு காரணங்களும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தது இதற்குத்தான். மறுக்க முடிந்தவன்தான் நீதியாக இருக்க முடியும். மறுத்தால் வேலை போகலாம், இடமாற்றம் வரலாம், பதவி உயர்வு நிற்கலாம். யாரால் மறுக்க முடியும்? போனால் போகட்டும் என்று சொல்ல முடிந்தவனால். லயத்திலிருந்து போகிற பையனுக்குத்தான் அந்த வேலை மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. படிப்புக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, அம்மாவின் மருந்து, தங்கையின் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில் தொங்கும். உள்ளே போய் மாற்ற வேண்டும் என்ற ஆசை அவனுக்குத்தான் அதிகம். மறுக்கிற சுதந்திரம் அவனுக்குத்தான் குறைவு. 'நான் போகாட்டி என்னைவிட மோசமான ஒருத்தன் போவான்' என்பது நியாயம்போலக் கேட்கும். உலகத்தில் எல்லா மோசமான வேலைகளுக்கும் ஆட்கள் சொன்ன காரணமும் அதேதான். அந்தக் காரணம் உண்மையாவது ஒரே சமயத்தில் மட்டும்: அந்த மோசமானவன் செய்திருக்கக்கூடியதை நீ செய்யாமல் நிற்கும் சமயத்தில்.

அப்படி நிற்பதற்கு மனசு மட்டும் போதாது, ஏற்பாடு வேண்டும். அவனிடம் நான் சொன்னது இதைத்தான். "படி. ஆனா ரெண்டாவது கால் ஒண்ணு வெச்சுக்க. கணக்கியலோ, சட்டமோ, கம்ப்யூட்டரோ, அந்த வேலை போனாலும் சோறு போடற எதையாவது கூடவே கத்துக்க. முதல் வருசச் சம்பளத்துல புதுக் கார் எடுக்காத. ஆறு மாசம் வேலை இல்லாம இருக்கறதுக்குக் காசு சேர்த்து வை." அவன் சிரித்தான். "என்னண்ணே, தர்மம் நியாயம்னு பேசுவீங்கன்னு பார்த்தா சேமிப்புக் கணக்கப் பத்திப் பேசுறீங்க." அதுவும் தர்மம்தான் என்று சொன்னேன். கடனில் இருப்பவனின் மனசாட்சி கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்துவரும்.

இன்னொன்றும் சொன்னேன். எதைச் செய்ய மாட்டாய் என்று சேருவதற்கு முன்பே எழுதி வை. உள்ளே போன பிறகு யோசித்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி என்று படும். முதலில் டைரியில் நேரத்தை மாற்றி எழுதச் சொல்வார்கள். ஒன்பதரைக்குப் பிடித்ததைப் பதினொன்று என்று போடு என்பார்கள். அதனால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் 24 மணி நேரம் என்ற விதி அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஓட்டையாகிவிடும். ரேவதியின் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தைரியம் ஒரே இரவில் முளைக்கிற காளான் இல்லை என்று நம்புகிறேன். நேரத்தைச் சரியாக எழுதிப் பழகிய கை, பெரிய நாளிலும் சரியாக எழுத வாய்ப்பு அதிகம். அந்தப் பழக்கத்தை வேண்டுமானால் கல்லூரியில் கற்கலாம்.

கடைசியாக 'நம்மாளு' என்ற சொல். இன்று கேமரன் மலைத் தேயிலைக் காட்டில் போய்ப் பாருங்கள். கத்தரியும் இயந்திரமும் பிடித்திருக்கும் கைகளில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் கைகள்தான் நிறைய. நம் பாட்டன் குடியிருந்த லயத்தில் இப்போது அவர்கள். ரோட் பிளாக் என்றால் அவர்களுக்கு வயிறு கலங்குகிறது. கடவுச்சீட்டு முதலாளியிடம் இருக்கிறது, பெர்மிட் ஏஜென்டிடம் இருக்கிறது, மலாய் அரைகுறை. என் தம்பி இன்ஸ்பெக்டராகி இந்த மலைக்கே திரும்பி வந்தால், இரவில் டார்ச் அடித்து நிறுத்தப் போவது நம்மாளை அல்ல, இவர்களைத்தான். அப்போது 'நம்மாளுங்களுக்கு அடி விழாம இருக்க' என்ற காரணம் எங்கே போகும்? தன் இனத்துக்காக மட்டும் நீதி கேட்டவனுக்கு அந்த ராத்திரியில் நீதியாக நடக்க ஒரு காரணமும் மிஞ்சாது. நூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து, பேச்சுப் புரியாமல், துரையின் முன் நின்ற ஒருவரை அந்த நேபாளிப் பையனின் முகத்தில் பார்க்க முடிந்தால்தான் அவன் படித்தது படிப்பு.

மணிமேகலையில் ஒரு காதைக்கு 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றே பெயர். பசித்தவர்களுக்குச் சோறு போட்டுவந்த ஒரு பெண் அரசனிடம் வரமாகக் கேட்பது சிறையை அறச்சாலையாக மாற்றித் தரச் சொல்லி. அந்தச் சிறையில் இருந்தவர்கள் எந்த ஊர், எந்தக் குலம் என்று அவள் விசாரிக்கவில்லை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சிறை இருக்கட்டும், சட்டம் இருக்கட்டும். உள்ளே போகிறவன் உயிரோடு வெளியே வரட்டும் என்பது வரை போனால் போதும்.

லோக்காப் மரணச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் நாம் கோபமாக எழுதுகிறோம். எழுத வேண்டும். ஆனால் உள்ளே இருந்து உண்மை பேசிய ஒருவருக்கு வேலை போனால் யார் வீட்டு வாடகை கட்டுவார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. கோயிலுக்கும் விழாவுக்கும் நிதி திரட்டத் தெரிந்த சமூகம் நாம். அதற்கும் ஒரு நிதி திரட்டலாம். லயத்திலிருந்து ஒரு பிள்ளை அந்தக் கதவுக்குள் போகும்போது, நேர்மையாக இருந்து தோற்றுத் திரும்பினாலும் உனக்கு இங்கே சோறு இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால், அவன் மறுக்க வேண்டிய இரவில் அவனுக்கு அது எந்தப் பாடப்புத்தகத்தையும்விட உதவும்.